பதினோராம் அத்தியாயம் யாரிடம் இருக்கிறது?

1

இந்த மாதத்தோடு நான் சிங்கப்பூருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. வருடா வருடம் இந்த மாதத்தில் நம் கடற்கரை ஊர்களின் பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதி அனுப்புவது என் வழக்கம். இங்கே பெய்யும் மழை, புதிதாக ஓடும் ரயில், ஆளைப் பாடாய்ப் படுத்தும் அரசாங்கப் படிவங்கள் என்று எதையாவது எழுதி, எல்லாரும் சுகம் என்று முடித்துவிடுவேன். இந்த வருடமும் அப்படி ஒப்பேற்றிவிடத்தான் பார்த்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் என் மகன் ஆல்பர்ட்டைக் கூட்டிக்கொண்டு சிராங்கூன் சாலைக்குப் போனேன். அவனுக்கு வயது பதின்மூன்று. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் கழகத்தில் சேர்ந்திருக்கிறான். ஆசிரியர் இரவல் கொடுத்த புத்தகம் ஒன்றை நகல் எடுத்துக் கொடுத்தால் வீட்டிலேயே வைத்துப் படிப்பானே என்று எனக்கு ஆசை. நீங்கள் ஜெராக்ஸ் என்கிறீர்களே, அதை இங்கே போட்டோஸ்டாட் என்பார்கள். கடையிலிருந்த சீனப் பெண் புத்தகத்தின் கனத்தைக் கையால் பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள்.

“ஹோல் புக் கேனாட் லா, அங்கிள். நியூ ரூல்.”

முழுப் புத்தகத்தை நகல் எடுக்கக் கூடாதாம். அந்த ‘லா’ இங்கே எல்லார் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் வால். “அப்படியானால் இன்றைக்கு இரண்டு அத்தியாயம், அடுத்த வாரம் இரண்டு அத்தியாயம் எடுத்துக்கொள்கிறேனே?” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் சிரித்தாள். ஆல்பர்ட் சிரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான்.

“அப்பா, ப்ளீஸ் லா. திஸ் இஸ் ஸ்டீலிங். ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க.”

“இப்படி அத்தியாயம் அத்தியாயமா எடுத்துத்தான்டா நாங்க ஏழு பேர் படிச்சோம். எங்களை யாரும் திருடன்னு சொல்லலை.”

“தட் வாஸ் லாங் அகோ, பா.”

அது நடந்து ஏழே வருடம்தான், அவனுக்கு அது அவ்வளவு நீளம். திருட்டைப் பற்றி அவன் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதை நடுத்தெருவில் நின்று எப்படிச் சொல்வது? பேருந்து ஏறி வீட்டுக்கு வந்தோம். அவன் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிக்கிறான். நான் ஆங்கிலத்தில் தொடங்கித் திணறித் தமிழுக்கு வருகிறேன். நடுவில் எங்கேயோ இருவரும் சந்தித்துக்கொள்கிறோம், அதுவும் வர வரக் குறைந்துவிட்டது. அவன் கேட்காவிட்டால் போகட்டும், நீங்களாவது கேளுங்கள் என்று அன்றே எங்கள் புத்தகச் சங்கிலியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். பெருமையாக எழுதினேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு எழுதினேன். அந்தக் காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இப்போது மறுபடி எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

2

செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறை. அதன் பெயர் வேண்டாம். வெள்ளைக்காரன் கடற்படை போன பிறகும் அந்த வட்டாரத்தில் நம்மவர்களுக்குச் சோறு போட்டவை இந்தப் பட்டறைகள்தான். நான் அதன் ஸ்டோரில் கிளார்க். ஆணி முதல் நங்கூரச் சங்கிலி வரை ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை உண்டு. யார் எடுத்தார், எந்தத் தேதியில் எடுத்தார், மிச்சம் எத்தனை என்று எழுதி, எடுத்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் உலகமே அந்த அட்டைதான். அலமாரியில் இல்லாத சாமான் அட்டையில் இருந்தால், அலமாரிதான் பொய் சொல்கிறது என்று நினைப்பவர்கள் நாங்கள்.

பன்னிரண்டு கிளார்க்குகளில் ஏழு பேர் தமிழர். அதில் ஒருவன் ஷாகுல் ஹமீது, நாகூர்க்காரன். அவனும் நானும் ஒரே வயது, என்னைச் சவரி என்றுதான் கூப்பிடுவான். என் மனைவி ரெஜினாவும் ஆல்பர்ட்டும் ஊரிலிருந்து வரும்வரை எட்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் வெள்ளிக்கிழமை மீன் சமைப்பேன், அவன் ஞாயிற்றுக்கிழமை சோறு ஆக்குவான். மற்ற நாட்களில் இருவரும் அரைகுறை. சிரிக்கும்போது உடைந்த முன்பல்லைக் கையால் மறைத்துக்கொள்வான். தகர டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைக்கூட விடாமல் படிப்பான். அவன் மனைவியும் மகளும் நாகூரில் இருந்தார்கள். மகளை அவன் அதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருந்தான்.

ஒருநாள் மேலாளர் எங்களை எல்லாம் கூப்பிட்டு, அட்டைகளுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றார். அதை ஓட்ட நாலு பேர் போதும். மூன்று மாதம் கழித்து ஒரு தேர்வு. அதில் தேறும் நாலு பேர் இருக்கலாம். மற்றவர்களைப் பற்றி அவர் சொன்ன சொல்லைத் தமிழில் சொன்னால் விடுவிப்பு. இங்கே பிறந்தவர்களுக்கு விடுவிப்பு என்றால் வேறு வேலை தேடலாம். எனக்கும் ஷாகுலுக்கும் வேலை போனால் பெர்மிட் போகும், பெர்மிட் போனால் கப்பல் ஏற வேண்டியதுதான்.

தேர்வில் கோபோல் என்ற மொழியில் நிரல் எழுதச் சொல்வார்களாம். எங்களில் ஒருவரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை.

3

நூலகத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்தது. அமெரிக்காவில் அச்சடித்த தடிப்புத்தகம், பதினாலு அத்தியாயம். மூன்று வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். கடையில் சொல்லி வரவழைக்கலாம் என்றால் அது வருவதற்குள் தேர்வு முடிந்துவிடும். ஒரு ஞாயிறு முழுக்க போட்டோஸ்டாட் கடையில் நின்று ஒரு பிரதி எடுத்தோம். யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. ஷாகுல்தான் வழி சொன்னான்.

“ஒருத்தன் வச்சிருந்தா அது அவன் புத்தகம். ஏழு பேர் பிரிச்சு வச்சிருந்தா அது யாரோட புத்தகமும் இல்ல. கேக்குறவன் புத்தகம்.”

அப்படியே செய்தோம். நூலைப் பிரித்து ஆளுக்கு இரண்டு அத்தியாயம். கிளார்க்குப் புத்தி எங்கே போகும்? ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஸ்டோரில் உள்ளது போலவே ஓர் அட்டை போட்டோம். கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும், எதற்கு என்று கேட்கக் கூடாது. வாங்குகிறவர் அட்டையில் பெயர் எழுதித் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும். நகல் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு திருப்பித் தர வேண்டும். தன் நகலையும் அடுத்தவர் கேட்டால் கொடுக்க வேண்டும். காசு பேசக் கூடாது. சட்டம் இவ்வளவுதான்.

எனக்கு ஐந்தும் பதினொன்றும் வந்தன. ஷாகுலுக்கு மூன்றும் எட்டும். நூலகத்துப் புத்தகத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்து அதை எடுத்துப் போன புண்ணியவான் யாரென்று தெரியாது, புத்தகம் அலமாரிக்குத் திரும்பவே இல்லை. ஆகவே இந்தத் தீவில் எங்களுக்குத் தெரிந்து அந்தப் புத்தகம் எங்கள் ஏழு பேர் கையில்தான் இருந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளில் கூடுவோம். கம்ப்யூட்டர் இல்லாத குறைக்கு நாங்களே கம்ப்யூட்டர் ஆனோம். ஒருவன் நிரல் எழுதுவான், இன்னொருவன் அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்வான். ஒரு தடவை நான் எழுதினேன்: கரண்டியை எடு, சீனி அள்ளு, டீயில் போடு, மறுபடியும் முதலிலிருந்து செய். நிறுத்து என்று எழுத மறந்துவிட்டேன். ஷாகுல் முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு சீனியைப் போட்டுக்கொண்டே இருந்தான். கோப்பை வழிந்தது. கடைக்காரர் ஓடி வந்து சீனி டப்பாவைப் பிடுங்கினார்.

“நான் என்ன பண்ண? சவரி நிறுத்தச் சொல்லலையே” என்றான் ஷாகுல், பல்லை மறைத்துக்கொண்டு.

நான் என் வாழ்நாளில் அவ்வளவு சிரித்ததில்லை.

எங்கள் சேதி எப்படியோ பரவியது. முன்பின் தெரியாதவர்கள் மேசைக்கு வந்து நிற்பார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க் ஒருவர், கருப்பையா என்று பெயர், இரண்டு பேருந்து மாறி வந்து, “அண்ணே, அஞ்சாம் அத்தியாயம் உங்ககிட்ட இருக்காமே?” என்று என்னைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் ஆங்கிலத்தில், கடைசி எழுத்துக்கு நீளமாக வால் விட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் மூன்றாம் அத்தியாயம் கேட்டு வந்தார். ஒரு கப்பல் சிப்பந்தி முதல் நாலு அத்தியாயத்தை நாகப்பட்டினத்துக்கு எடுத்துப் போனார். அங்கே யார் படித்தார்களோ, பொட்டலம் மடித்தார்களோ, தெரியாது. ஆனால் போயிற்று. பரம ஏழைகளான ஏழு கிளார்க்குகள் யாருக்கும் கடன்படாமல், யாரிடமும் கைநீட்டாமல் ஒரு படிப்பை ஊருக்கே பரிமாறினோம்.

இதுவரைக்கும்தான் முதலில் எழுதியிருந்தேன். இங்கே நிறுத்தியிருந்தால் எவ்வளவு நல்ல கட்டுரை.

5

தேர்வுக்கு நாலு வாரம் இருந்தது. ஏழு பேரில் மூன்று பேர் ஆறாம் அத்தியாயத்தோடு கைகழுவிவிட்டார்கள். இருவர் எட்டாவதில் மாட்டிக்கொண்டார்கள். பத்தைத் தாண்டியது நானும் ஷாகுலும்தான். பதினோராவதை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நான் மட்டும் முன்கூட்டியே படித்துப் பார்த்திருந்தேன். பழைய இருப்புக் கணக்கையும் அன்றைய வரவு செலவுச் சீட்டுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் புதிய இருப்பு எழுதும் விதம் அதில்தான் இருந்தது. ஸ்டோருக்கு வைக்கும் தேர்வில் வேறு எதைக் கேட்பார்கள்?

அந்த வாரம் மேலாளருக்குத் தேநீர் கொண்டு போகும் அம்மாள் ஒரு சேதி சொன்னாள். நாலு இடத்தில் மூன்று பேரை ஏற்கெனவே குறித்துவைத்துவிட்டார்களாம். மிச்சம் ஒன்றுதானாம். அவள் சொன்னது மெய்யா என்று நான் யாரையும் கேட்கவில்லை. நம்பினேன்.

ரெஜினா வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆல்பர்ட்டை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒரு கவுண்ட்டரில் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள், அதை மொழிபெயர்த்துக் கொண்டு போனால் மொழிபெயர்த்தவருக்கு முத்திரை இல்லை என்றார்கள். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. ஷாகுலுக்கும் ஒரு மகள் இருந்தாள். அது எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு மேசையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

“சவரி, பதினொண்ணைக் குடு. இந்த வாரம் ஆரம்பிச்சாத்தான் முடியும்.”

அது என் காலடியில் பைக்குள்ளேயே இருந்தது.

“கருப்பையா வாங்கிட்டுப் போயிட்டாரே” என்றேன்.

“எப்ப?”

“போன வாரம். நீ வர்றதுக்கு முன்னாடி. கார்டு வீட்டுல இருக்கு, நாளைக்குக் காட்டுறேன்.”

அவன் அட்டையைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். வீட்டுக்குப் போய், பதினோராம் அத்தியாயத்தின் அட்டையில் கருப்பையா பெயரை எழுதி, ஒரு வாரம் முந்திய தேதி போட்டு, கையெழுத்துக் கட்டத்தில் கருப்பையா என்று நானே தமிழில் கிறுக்கினேன். ஒன்பது வருடம் அட்டை எழுதியவன் நான். ஒரு திருகாணியின் எண்ணிக்கையைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை.

மறுநாள் ஸ்டோரில் என் இரண்டு அட்டைகளையும் வழக்கம்போல் ஒரே கிளிப்பில் செருகி அவனிடம் கொடுத்தேன். அவன் எதையும் முழுக்கப் படிக்கிறவன் என்று சொன்னேன் அல்லவா? மேலே இருந்ததைப் பார்த்தான். கீழே இருந்ததையும் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

“சரி. ஞாயித்துக்கிழமை தஞ்சோங் பகார் போயி அவர்கிட்டயே வாங்கிக்கிறேன்.”

அவன் நேரில் போவான் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தத் துறைமுகத்தில் ஆயிரம் பேர், மூன்று ஷிப்ட் வேலை. விலாசம் இல்லாமல் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது என்று தைரியப்படுத்திக்கொண்டேன். திங்கட்கிழமை வந்தான்.

“ஆளைக் காணோம், சவரி” என்றான்.

எனக்கு மூச்சு வந்தது. அடுத்த ஞாயிறும் போனான். “இந்த வாரமும் காணோம். ஒருவேளை அவரே திருப்பிக் கொண்டாந்து உன் வீட்டுல குடுத்துட்டுப் போயிருப்பாரோ? ரெஜினாகிட்ட கேட்டியா? தேடிப் பாரேன்.”

“இல்லப்பா. வந்திருந்தா சொல்லியிருப்பா.”

மூன்றாவது திங்கட்கிழமை மறுபடியும் கேட்டான். “வீட்டுல நல்லாத் தேடிப் பாத்தியா, சவரி? சில நேரம் நம்ம கண்ணுக்கே தெரியாம இருக்கும்.”

“தேடிட்டேன். இல்ல.”

அப்பாவி என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என்னிடம் உள்ள காகிதத்துக்காக ஊரின் தெற்குக் கோடியில் போய் அலைந்துவிட்டு, அதை என்னிடமே வந்து சொல்கிறானே என்று உள்ளூர ஓர் ஏளனம்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

6

தேர்வுக்கு முந்திய சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தான். எட்டாம் அத்தியாயத்தில் எனக்குப் பிடிபடாத ஓரிடத்தை ஆல்பர்ட்டின் சிலேட்டில் போட்டுக் காட்டிப் புரியவைத்தான். ரெஜினா தோசை வார்த்துக் கொடுத்தாள். ஆல்பர்ட் அவன் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றான். எதிரே அலமாரியில் துணிகளுக்கு அடியில் பதினோராம் அத்தியாயம் இருந்தது. போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்சம் நின்றான். ஏதோ சொல்லப்போகிறான் என்று பார்த்தேன். “நல்லா எழுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தேர்வில் கடைசிக் கேள்விக்குத்தான் பாதி மதிப்பெண். பழைய இருப்பு, அன்றைய சீட்டு, புதிய இருப்பு. நான் மளமளவென்று எழுதினேன். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஷாகுல் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றே பேர் தேறினோம். நானும் இரண்டு சீனர்களும். குறித்துவைத்த ஆட்கள் என்று யாருமே இல்லை. தேநீர் அம்மாள் சொன்னது சுத்தப் புரளி. நாலாவது இடத்துக்குத் தேறியவர் இல்லை என்று வெளியிலிருந்து ஒரு பையனை எடுத்தார்கள். அதாவது, அன்றைக்கு நான் குனிந்து பையைத் திறந்திருந்தால் இரண்டு பேருமே இருந்திருப்போம். இதை எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன், இன்னும் பழகவில்லை.

கப்பல் ஏறும் நாளில் வழியனுப்பப் போனேன். மூன்றாவதையும் எட்டாவதையும் அட்டைகளோடு ஓர் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தான்.

“என்கூட வந்தா வீணாப் போயிடும். கேக்குறவங்களுக்குக் குடு. சங்கிலி அறுந்துடக் கூடாது.”

தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட நான் தேக்காவுக்குப் போகவில்லை. யாராவது வந்து வெறும் மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். சங்கிலியை வேறு யாரும் அறுக்கவில்லை, நான்தான் அறுத்தேன்.

இங்கே நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டபோது படிவத்தில் தனித்திறமை என்று ஒரு கட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் நிரல் எழுதுதல் என்று எழுதினேன். அதிகாரி அதைப் படித்துவிட்டு எழுந்து நிற்காத குறையாக மரியாதை காட்டினார். நான் கொண்டாடிய ஒரே திறமை அதுதான், அதுவும் பாதி ஷாகுல் சிலேட்டில் போட்டுக் காட்டியது. அந்தக் கம்ப்யூட்டரைப் போன வருடம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். புது இயந்திரத்துக்கு வேறு படிப்பு வேண்டுமாம், என்னைவிட இருபது வயது சின்னவர்களை அனுப்பிப் படிக்கவைக்கிறார்கள். கோபோல் என்றால் ஆல்பர்ட்டுக்குச் சிரிப்பு வருகிறது. “டைனோசர், பா” என்கிறான்.

ஒரு தடவை கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொன்னேன். ஒரு நண்பனுக்குப் புத்தகம் கொடுக்காமல் பொய் சொன்னேன் என்றேன். சாமியார் அதற்குப் பரிகாரமாக மாதாவுக்கு ஐந்து மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொன்னார். அவர் மேல் பிழையில்லை. நான் சொன்னது அவ்வளவு சின்னதாக இருந்தது.

நாகூரில் ஷாகுல் ஓர் அரிசி மண்டியில் சீட்டு எழுதுகிறான். கிறிஸ்துமஸுக்கு வருடம் தவறாமல் வாழ்த்து அட்டை வரும். ஆல்பர்ட் என்ன படிக்கிறான் என்று கேட்பான். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று போன வருடம் எழுதியிருந்தான். நான் இரண்டு வரி பதில் போடுவேன். இத்தனை வருடமும் எனக்கு இருந்த ஒரே ஆறுதல், அவனுக்குத் தெரியாது என்பதுதான்.

7

இந்தக் கட்டுரையைப் பெருமையாக எழுதிக்கொண்டிருந்தபோது, சங்கிலி எவ்வளவு தூரம் போயிற்று என்று சரியாகச் சொல்ல ஆசைப்பட்டேன். கருப்பையாவிடம் கேட்டால் தெரியும். புது ரயிலில் ஏறித் தஞ்சோங் பகாருக்குப் போனேன். ஏழு வருடத்துக்கு முன்னால் யாராலும் அவரைக் கண்டுபிடிக்க முடியாது என்று தைரியமாக இருந்தேன் அல்லவா? ரயிலடிக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் முதலாவது ஆளிடம் கேட்டேன். “கருப்பையாவா? அந்தா இருக்காரு லா” என்று கைகாட்டினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கருப்பையாவுக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“செம்பவாங் சவரிமுத்து அண்ணன்தானே? எத்தனை வருசம் ஆச்சு! அந்தப் பதினோராம் அத்தியாயம் யாருகிட்ட இருக்குன்னு அப்புறம் தெரிஞ்சுதா?”

“எந்தப் பதினொண்ணு?” என்றேன். இப்போதும் என் வாய் அப்படித்தான்.

“உங்க ஷாகுல் தேடிக்கிட்டு வந்தாரேண்ணே. இதே கடைதான். மொத ஞாயித்துக்கிழமையே என்னைப் புடிச்சிட்டாரு லா. நான் அஞ்சைத் தவிர எதையும் வாங்கலைன்னு சொன்னேன். ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னாரு. எப்பவும் போல இங்கிலீசுல வால் விட்டுப் போட்டேன். பாத்துட்டுக் கிழிச்சுப் போட்டுட்டாரு.”

“ஏன்னு சொன்னானா?”

“‘கார்டைப் பாத்தப்பவே மனசுல ஒண்ணு பட்டுச்சு, ஆனா ஒருத்தனைத் தப்பா நெனச்சுடக் கூடாதே, அதான் உங்களைக் கேக்க வந்தேன்’னாரு. யாரை, எதுக்குன்னு நான் கேக்கலை. டீ குடிச்சோம். அடுத்த ரெண்டு ஞாயிறும் வந்தாரு. சும்மா உக்காந்திருந்துட்டுப் போனாரு. ஏண்ணே, இவ்வளவு தூரம் வந்து சும்மா இருக்கீங்களேன்னு கேட்டேன். ‘நான் தேடுறேன்னு அவன் நெனச்சுக்கிட்டு இருக்கணும். அப்பத்தான் வெக்கப்படாம எடுத்துக் குடுக்க முடியும். குடுத்துடுவான், இன்னும் நாள் இருக்கு’ன்னாரு.”

கருப்பையா தேநீரை ஆற்றி என் பக்கம் நகர்த்தினார்.

“கடைசியில குடுத்தாராண்ணே அவரு?”

அவர் ஒன்றும் தெரியாமல்தான் கேட்டார். அல்லது தெரிந்தே கேட்டாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“இல்ல” என்றேன்.

8

வீட்டிலேயே தேடிப் பார் என்றான். ரெஜினாவைக் கேள் என்றான். கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் என்றான். மூன்று தடவை எனக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வெளியே நின்றிருக்கிறான். கருப்பையா கொண்டுவந்து கொடுத்தார் என்று நான் கூசாமல் இன்னொரு பொய் சொல்லியிருந்தால்கூடப் போதும், அதையும் நம்பினதுபோல் வாங்கிக்கொண்டு படித்திருப்பான். எனக்கு அந்தப் பொய்கூட வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதும் அதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது.

வீட்டில் ரெஜினாவிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள், “அன்னைக்கு அவருக்கு நான்தானே தோசை வச்சேன்” என்று மட்டும் சொன்னாள். ஆல்பர்ட்டிடம் சொல்லத் தமிழும் போதவில்லை, ஆங்கிலமும் போதவில்லை. புத்தகத்தை நகல் எடுப்பது திருட்டு என்று நம்புகிற பிள்ளையிடம், நகல் எடுத்த காகிதத்தைக் கொடுக்காமல் வைத்திருந்ததுதான் திருட்டு என்று எப்படி விளக்குவது? அவன் இந்தப் பத்திரிகையைப் படிக்கமாட்டான்.

ஷாகுலுக்குக் கடிதம் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். மூன்று நாள் எழுதினேன். எழுதும்போதே அவன் அதை என்ன செய்வான் என்று தெரிந்துவிட்டது. ஒருமுறை முழுக்கப் படிப்பான். கிழித்துப் போட்டுவிடுவான். யாருக்கும் தெரியக் கூடாது என்று மறைத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு ஒன்றும் நடக்காததுபோல் அட்டை அனுப்பி, ஆல்பர்ட் என்ன படிக்கிறான் என்று கேட்பான். ஏழு வருடமாக எனக்காக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

இந்தப் பத்திரிகை நாகூர் வாசகசாலைக்கு வருகிறது. அரிசி மண்டிக்காரர்களும் படிப்பார்கள், அவன் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களும் படிப்பார்கள். ஷாகுல் ஹமீது தேர்வில் தோற்று ஊர் திரும்பியவன் என்றுதான் அங்கே எல்லாருக்கும் தெரியும். அவன் தோற்கவில்லை. பதினோராம் அத்தியாயம் என்னிடம் இருந்தது. செம்பவாங் சவரிமுத்துவாகிய என்னிடம். இதை அவனால் கிழித்துப் போட முடியாது.